கடைக்குள் ஒரு கிடார் கச்சேரி

இசைத்தட்டு விற்கும் கடைக்குள் கச்சேரியா? இடம் எப்படிப் போதும்? சத்தம் காதைக் கிழிக்காதா? நானும் முதலில் இப்படித்தான் கேட்டேன். ஆனால் இங்கிலாந்தில் இது சர்வ சாதாரணம். புதிய ஆல்பம் வெளியிடும் இசைக்குழு, ஊர் ஊராகச் சென்று சிறிய கடைகளில் அரை மணி, முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு 2023 அக்டோபரில் போயிருந்தேன். அன்று பார்த்ததில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்குப் பயன்படும் விஷயங்கள் பல இருந்தன. ஒரு விஷயம் எங்கள் வீட்டுப் பிரச்சினைக்கும் பதிலாக அமைந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பிரச்சினை

நான் சாப்ட்வேர் என்ஜினியர். அப்போது எங்கள் கம்பெனி என்னை ஆன்சைட் வேலைக்காக ரெடிங் நகருக்கு அனுப்பியிருந்தது. லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணம். திருச்சியில் என் தம்பி என்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் அவனுக்கு வேலையில் மனமில்லை. பள்ளியில் படிக்கும்போது நான் வாங்கிப் போட்டுவிட்டுத் தொடாமல் வைத்திருந்த கிடாரை எடுத்து வாசிக்கப் பழகியவன், கல்லூரியில் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டரில் பாட்டு போட ஆரம்பித்திருந்தான். ஹார்ட் டிஸ்க்கில் 11 பாடல்கள் தயாராக இருந்தன. "வேலைக்குப் போகமாட்டேன், முழு நேரமும் இதுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

அப்பா எனக்குப் போன் செய்தார். "நான் சொன்னா சண்டைதான் வருது. நீ சொன்னாத்தான் அவன் கேட்பான். புதன்கிழமைக்குள்ள அந்தக் கம்பெனிக்குப் பதில் அனுப்பணுமாம்" என்றார். அவர் போன் செய்தது திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய் மாலை ஆறரை மணிக்குத்தான் இந்தக் கச்சேரி. டிக்கெட் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். கச்சேரி முடிந்து தம்பியிடம் பேசி, "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கிளம்பினேன்.

டிக்கெட் அல்ல, சி.டி.

டிக்கெட் என்றேனே, உண்மையில் நான் வாங்கியது சி.டி. ஆல்பத்தை முன்பணம் கட்டி வாங்கினால் கச்சேரிக்கு அனுமதி. சி.டி. என்றால் ஒரு விலை, வினைல் இசைத்தட்டு என்றால் ஒரு விலை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் பாடல்களின் தரவரிசைப் பட்டியல் 2015 ஜூலையிலிருந்து வெள்ளி முதல் வியாழன் வரையிலான விற்பனையை வைத்துப் போடப்படுகிறது. ஆல்பங்களும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. எனவே வெளியான முதல் வாரத்துக்குள் ஐந்தாறு ஊர்களில் கடைக் கச்சேரி நடத்தினால், அத்தனை ஆல்பமும் அந்த வார விற்பனைக் கணக்கில் சேரும். பெரிய விளம்பரத்துக்குப் பணம் இல்லாத குழுக்களுக்கு இது கைகொடுக்கிறது.

கடைக்காரருக்கும் லாபம் உண்டு. இன்டர்நெட்டில் எல்லாப் பாட்டும் கிடைக்கும் காலத்தில் கடைக்கு ஆள் வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! வினைல் இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனையாகத் தொடங்கியதும் இந்தக் கடைகளுக்கு உயிர் கொடுத்தது. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு 4 கோடியே 10 லட்சம் வினைல் ஆல்பங்களும் 3 கோடியே 30 லட்சம் சி.டி.க்களும் விற்றன. எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

கடைக்கும் இசைக்குழுவுக்கும் உள்ள உறவு பழையது. நம் வீடுகளில் நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகள் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே பெயரில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் 1921-ல் ஒரு கடை திறக்கப்பட்டது. 1962 ஜனவரியில் டெக்கா கம்பெனியின் தேர்வில் வாசித்த பீட்டில்ஸ் குழுவை அந்தக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்களுடைய மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், அந்த ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் இந்தக் கடைக்கு வந்தார். கம்பெனிகளிடம் போட்டுக் காட்ட, அதை இசைத்தட்டாக வெட்டித் தரும் வசதி கடையிலேயே இருந்தது. வெட்டிக் கொடுத்த டெக்னீஷியனுக்குப் பாட்டு பிடித்துப்போய், மேலே இருந்தவரிடம் சொன்னார். அந்தத் தொடர்பு ஜார்ஜ் மார்ட்டின் என்ற தயாரிப்பாளரிடம் போய் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் கடை செய்த வேலையை 2000-க்குப் பிறகு கம்ப்யூட்டர் செய்தது. ஷெபீல்டு நகரைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழு, தான் பதிவு செய்த பாடல்களை சி.டி.யில் எழுதிக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தது. வாங்கியவர்கள் அதை எம்.பி.3 ஆக மாற்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஆல்பமே வராத குழுவின் பாட்டை ரசிகர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள்! 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. என் தம்பி வாய் ஓயாமல் சொல்லும் கதை இதுதான். "அவங்க மட்டும் வேலைக்குப் போயிருந்தா?" என்பான்.

மேடை எப்படி இருந்தது?

கடை நம் ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ஒரு தளம் அளவுகூட இருக்காது. இசைத்தட்டு அடுக்கிய பெட்டிகளுக்குச் சக்கரம் வைத்திருந்தார்கள். அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டால் நடுவில் இடம் கிடைத்துவிடும். எண்பது பேர் இருப்போம். கடைசியில் ஒரு சாண் உயர மரப்பலகை. அதுதான் மேடை. நான்கு பேர். பாடியபடியே கிடார் வாசிக்கும் பெண், இன்னொரு கிடார்காரர், பேஸ் கிடார்காரர், டிரம்ஸ்காரர். எல்லோருக்கும் என் வயதுதான் இருக்கும். குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

என் கண் கருவிகள் மேல்தான் போனது. பெரிய மிக்ஸிங் மேஜை எங்கே என்று தேடினேன். இல்லை! மேடை ஓரத்தில் ஒரு சூட்கேஸ் அளவுப் பெட்டி. 16 மைக் வயர்கள் அதில் போய்ச் சேருகின்றன. ஒலி அமைப்பாளர் கையில் ஒரு டேப்லெட். வை-பை மூலம் அந்தப் பெட்டியைக் கட்டுப்படுத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து நடந்து கேட்கிறார். கடைசி வரிசையில் பேஸ் அதிகமாகக் கேட்டால் அங்கே நின்றபடியே குறைக்கிறார். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கேபிள் இன்னொரு லேப்டாப்புக்குப் போய், 16 சேனலும் தனித்தனியாகப் பதிவாகிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சேனலுக்கு நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்.பி. 16 சேனலுக்கு 138 எம்.பி. முப்பத்தைந்து நிமிடக் கச்சேரிக்கு 5 ஜி.பி.யை நெருங்கும். ஒரு சிறிய பென் டிரைவில் மொத்தக் கச்சேரியும் அடங்கிவிடும்.

சிறிய இடத்தில் பெரிய தலைவலி டிரம்ஸ்தான். கிடாரின் ஒலியைக் குறைக்கலாம், டிரம்ஸுக்கு வால்யூம் பட்டன் கிடையாதே! அதனால் அவர் வழக்கமான குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ஒன்றால் வாசித்தார். டிரம்மின் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார். அவர் காதில் ஹெட்போன். பக்கத்தில் குழுவின் சொந்த லேப்டாப்.

அந்த லேப்டாப் எதற்கு?

ஆல்பத்தில் வயலின், கீ-போர்டு, பின்குரல்கள் எல்லாம் இருக்கின்றன. மேடையில் இருப்பதோ நான்கு பேர். மீதி ஒலிகள் லேப்டாப்பிலிருந்து வரும். ஆட்கள் வாசிப்பது லேப்டாப்போடு ஒத்துப்போக வேண்டுமே? அதற்காக டிரம்ஸ்காரரின் காதில் மட்டும் 'டிக் டிக்' என்ற தாள ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். அதைப் பின்பற்றி அவர் வாசிப்பார். அவரைப் பின்பற்றி மற்றவர்கள் வாசிப்பார்கள்.

இதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. ஒரே ஸ்டீரியோ பைல் போதும். இடது சேனலில் இசை, வலது சேனலில் தாளம். வீட்டிலேயே செய்யலாம்.

1. இலவச சாப்ட்வேரான ஆடாசிட்டியைத் திறந்து, உங்கள் பாட்டின் பின்னணி இசை பைலை இம்போர்ட் செய்யுங்கள். ஸ்டீரியோவாக இருந்தால் மோனோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

2. ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்பதைத் தேர்ந்தெடுத்து, பாட்டின் வேகத்தைக் கொடுங்கள். தாள ஒலி தனி டிராக்காக உருவாகும். பதிப்பைப் பொறுத்து மெனுவின் இடம் சற்று மாறலாம்.

3. இசை டிராக்கின் பேன் பட்டனை முழுவதும் இடது பக்கமும், தாள டிராக்கின் பேன் பட்டனை முழுவதும் வலது பக்கமும் நகர்த்துங்கள்.

4. வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்டீரியோவை இரண்டாகப் பிரிக்கும் கேபிளை மாட்டி, இடதை மிக்ஸருக்கும் வலதை டிரம்ஸ்காரரின் ஹெட்போனுக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது பாட்டில் வந்த வினை

முதல் இரண்டு பாடல்களும் சி.டி.யில் கேட்டதுபோலவே இருந்தன. மூன்றாவதுதான் ஓரளவு தெரிந்த பாட்டு. கீ-போர்டு ஒலியோடு ஆரம்பிக்கும். டிரம்ஸ்காரர் லேப்டாப்பில் ஒரு கீயைத் தட்டினார். பெரிய ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. பதிலுக்கு மேடை ஓரத்திலிருந்து கொசு கத்துவதுபோல மெல்லியதாக ஒரு சத்தம். பக்கத்திலேயே 'டிக் டிக்' என்று தாளமும்! கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. லேப்டாப்புக்கும் ஆடியோ இன்டர்பேஸுக்கும் இடையில் உள்ள யு.எஸ்.பி. கேபிள் கழன்றிருக்க வேண்டும். வெளியே மாட்டிய ஒலிச் சாதனம் காணாமல் போனால், லேப்டாப் தானாகவே தன் சொந்த ஸ்பீக்கருக்கு மாறிவிடும். நம் வீட்டில் ஹெட்போன் கழன்றதும் ஸ்பீக்கரில் பாட்டு கேட்குமே, அதே கதைதான். டிரம்ஸ்காரர் கேபிளை மீண்டும் செருகினார். வரவில்லை. சாப்ட்வேரை மூடித் திறந்தார். இன்டர்பேஸைக் காணவில்லை என்றே சொன்னது. ஒலி அமைப்பாளர் டேப்லெட்டோடு ஓடி வந்தார். எண்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு நிமிடம் போனது. மேடையில் ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் பார்த்தேன்.

என் வேலை புத்தி ஓடியது. மாற்று ஏற்பாடு ஏதும் இல்லாமல் ஒரே லேப்டாப், ஒரே கேபிள். எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு டிசைனைக் காட்டினால் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள். பாட்டை விட்டுவிடுவார்கள் அல்லது இடைவேளை சொல்வார்கள் என்று நினைத்தேன்.

டிரம்ஸ்காரர் பாடகியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். டிரம்ஸ்காரர் ஹெட்போனைக் கழற்றி லேப்டாப் மேல் வைத்தார். குச்சிகளைத் தட்டி, நான்கு வரை எண்ணினார். ஆரம்பித்துவிட்டார்கள்! கீ-போர்டு வர வேண்டிய இடத்தை இரண்டாவது கிடார்காரர் வாசித்தார். பின்குரலை பேஸ்காரர் மைக்குக்கு எட்டிப் பாடினார், சற்று சுருதி விலகித்தான். மீதி ஐந்து பாடல்களும் அப்படியே போயின. ஆல்பத்தில் கேட்ட வழுவழுப்பு இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. கடைசிப் பாட்டில் முன்வரிசையில் இருந்தவர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். ஒரு வயதான கடை ஊழியர் கல்லாவை விட்டுவிட்டு வந்து நின்றார்.

நான் மொபைலில் பதிவு செய்திருந்தேன். பிறகு வேகத்தை அளந்து பார்த்தேன். ஆல்பத்தில் நிமிடத்துக்கு 124 தட்டு உள்ள அந்த மூன்றாவது பாட்டை 126-ல் தொடங்கி 133-ல் முடித்திருக்கிறார்கள். பதற்றத்தில் ஓடியிருக்கிறார்கள். ஆனால் நான்கு பேரும் சேர்ந்தே ஓடியிருக்கிறார்கள்.

மொபைல் பதிவில் நான் செய்த தவறு

அந்தப் பதிவு கேட்கச் சகிக்கவில்லை. ஆடாசிட்டியில் திறந்தால் அலைகளின் தலை எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல மட்டமாக இருந்தது. மைக் தாங்கும் அளவைவிட ஒலி அதிகமானால் இப்படி ஆகும். கிளிப்பிங் என்பார்கள். பிறகு வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட தலை திரும்ப வராது. கச்சேரியைப் பதிவு செய்ய அனுமதி இருந்தால், கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பதிவு அளவைக் கையால் குறைக்கும் வசதி உள்ள ரெக்கார்டர் சாப்ட்வேரைப் பயன்படுத்துங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பெரிதாக்கலாம், வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

கையெழுத்து மேஜையில்

கச்சேரி முடிந்ததும் வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேஸ்காரரே டி-ஷர்ட்டுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். காலை ஆறு மணிக்கு ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்டாம்! இரவே வேனை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். பாடகி பள்ளியில் உதவி ஆசிரியை. பேஸ்காரரோ, நம்புங்கள், சாப்ட்வேர் டெஸ்டர்! இவர்கள் வேலை செய்யும் இடங்களில் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்றுதான் பெயரைச் சொல்லவில்லை.

"ஆல்பம் வந்த பிறகுமா வேலைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். டிரம்ஸ்காரர் சிரித்தார். வேன் வாடகை, டீசல், சாப்பாடு போக மீதியை நான்காகப் பிரித்தால், மிஞ்சுவது ரயில் டிக்கெட் காசுதான் என்றார். இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்டாயிற்று. இன்னொன்றையும் கேட்டேன். "லேப்டாப் போனதும் எப்படிச் சமாளித்தீர்கள்?"

அவருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷம் இந்தப் பாட்டையெல்லாம் வாசிச்சிருக்கோமே" என்றார் அவருடைய ஆங்கிலத்தில்.

நான் இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். இந்த சி.டி. வாங்குவதற்கு முன்பு அவர்கள் பாட்டை நான் காசு கொடுத்துக் கேட்டதே இல்லை. கல்லூரிக் காலத்தில் நானும் நண்பர்களும் பென் டிரைவில் ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பரிமாறியிருக்கிறோம். யார் பாடியது, யார் வாசித்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அதை வாசித்தவர் எதிரே உட்கார்ந்து, காலை ஷிப்டுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு டி-ஷர்ட்டும் வாங்கினேன். அளவு எனக்குச் சரியாக இல்லை, தம்பிக்குச் சரியாக இருக்கும்.

நள்ளிரவு போன்

கடையை விட்டு வெளியே வந்தபோது மணி ஏழரை. அந்த மாதத்தில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கும். திருச்சியில் நள்ளிரவு பன்னிரண்டு. தம்பி விழித்திருப்பான் என்று தெரியும்.

"அண்ணா, அப்பா சொல்லித்தானே பேசற?" என்றுதான் ஆரம்பித்தான்.

"ஆமாம்" என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். லேப்டாப் கதையை அவன் நன்றாக ரசித்தான். "சாம்பிள் ரேட் மாறியிருக்குமோ?" என்றுகூடக் கேட்டான். நான் கேட்டேன், "உன்கிட்ட இருக்கிற பதினோரு பாட்டுல, கம்ப்யூட்டர் இல்லாம, கிடாரை மட்டும் வெச்சு, இருபது பேர் முன்னாடி எத்தனை வாசிப்ப?"

வெகுநேரம் பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று மொபைலைப் பார்த்தேன்.

"மூணு" என்றான். பிறகு, "ரெண்டு" என்றான்.

"வேண்டாம்" என்று சொல்லத்தான் போன் செய்தேன். ஆனால் அந்த டிரம்ஸ்காரரைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் வேலையையும் விடவில்லை, டிரம்ஸையும் விடவில்லை. அதைத்தான் சொன்னேன். "வேலையில சேரு. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஆடியோ இன்டர்பேஸ் நான் வாங்கி அனுப்பறேன். நீ ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு பதினொண்ணையும் வாசிச்சுப் பழகு. அதுக்கப்புறமும் வேலையை விடணும்னு தோணினா, அப்பாகிட்ட நானே பேசறேன்."

அவன் ஒப்புக்கொண்டானா என்றால், அன்று இல்லை. "நீயும் அப்பா மாதிரியே பேசற" என்று கோபமாக வைத்துவிட்டான். மறுநாள் மாலை கம்பெனிக்குச் சம்மதம் அனுப்பியதாக அப்பா சொன்னார்.

வீட்டில் கிடாரைக் கம்ப்யூட்டரில் இணைப்பவர்களுக்கு

தம்பிக்கு அனுப்பியபோது நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிடாரை லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். கிடாரின் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. அதன் சிக்னலை வாங்கிக்கொள்ளும் துளைக்கு சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை இருக்க வேண்டும். மைக் துளையின் மின்தடை இதைவிட மிகவும் குறைவு. அதனால் ஒலி போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கிவிடும். ஆடியோ இன்டர்பேஸ் வாங்கும்போது கிடாருக்கென்று 'ஹை-இசட்' அல்லது 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறிப்பிட்ட துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லேட்டன்சி. தந்தியை மீட்டியதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையிலான தாமதம் இது. கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்துத்தான் வேலை செய்யும். அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1,024 சாம்பிள் பஃபருக்கு 23 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று குறைந்தது 46. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 46 மில்லிசெகண்ட் என்பது 16 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். தாளம் எப்படி நிற்கும்? பஃபரை 128-க்குக் குறைத்தால் இருவழியும் சேர்ந்து சுமார் 6 மில்லிசெகண்ட்தான். இரண்டு மீட்டர் தூரம். சொந்த ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். பஃபரைக் குறைத்ததும் பட்பட் என்று சத்தம் வந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அர்த்தம். 256-க்கு ஏற்றிப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்டர்பேஸோடு வரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைக் கட்டாயம் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அப்போது ஆடாசிட்டி வழக்கமாக நமக்குக் கிடைத்த வடிவில் இந்த டிரைவரைப் பயன்படுத்தவில்லை. எனவே கேட்டுக்கொண்டே வாசித்துப் பதிவு செய்ய ரீப்பர் போன்ற சாப்ட்வேர் ஏற்றது. இதை 60 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

பாட்டை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டால் பணம் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பாட்டிபை நிறுவனம் 2024 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்கு ராயல்டி. நண்பர்கள் மட்டும் கேட்டால் இந்த எல்லையைத் தாண்டுவது சுலபமில்லை.

பிறகு என்ன ஆனது?

தம்பி வேலையில் சேர்ந்தான். வார இறுதிகளில் திருச்சிக்கு வந்து இரண்டு நண்பர்களோடு வாசித்தான். 2024 டிசம்பரில் அங்கே தெரிந்தவர் ஒருவரின் இசைக்கருவிக் கடையில், வயலின்களுக்கும் ஹார்மோனியங்களுக்கும் நடுவே, ஏழு பாடல்கள் வாசித்தார்கள். லேப்டாப் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று பேர். அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தான். மூன்றாவது பாட்டில் வரியை மறந்து, சிரித்து, விட்ட இடத்திலிருந்து பிடித்தான். அப்பா வாசல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். "டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் வீட்டுக்கு வரும் வழியில். அடுத்தது எப்போது என்றும் கேட்டார்.

பதினொன்றில் நான்கு பாடல்களைத் தம்பியே தூக்கிப் போட்டுவிட்டான். ஆள் முன்னால் வாசித்தபோது அவை நிற்கவில்லையாம். வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதைக் கோபமில்லாமல் பேச முடிகிறது.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் முடிந்துபோன பாடல்கள் இருக்கலாம். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, வீட்டுக்கு வரும் நாலு பேர் முன்னால் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அப்படியே ஒரு யு.எஸ்.பி. கேபிளையும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்!